அடிபடாமல் வந்த வீக்கம்

மரியே வாழ்க

இராயபுரம்
5-5-2025

அன்புள்ள மச்சான் அலெக்ஸாண்டருக்கு,

கஸ்பார் எழுதுகிறேன், கிழிக்காமல் படி. போனில் என் நம்பரைப் பிளாக் பண்ணிவிட்டாய். நேரில் வந்தால் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவனுக்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிறேன், எல்லாம் என் நேரம்.

உன் தங்கை எல்சிக்கு நெற்றிப்பொட்டில் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். விரல் வைத்தால் துடிக்கிறது. அடிபட்டால்தான் ரத்தக்குழாய் இப்படி உப்பும் என்று முதலில் பார்த்த டாக்டர் சொன்னதும், நீ நேரே நான் வேலை செய்யும் துறைமுகத்துக்கு வந்து, கிரேன் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னை அறைந்தாய். அவர் என்னைத் தொட்டதே இல்லை என்று எல்சி கத்தினாள். அடி வாங்குகிறவள் அப்படித்தான் சொல்வாள் என்றாய்.

தலைத்தோலில் ஓடும் குழாய் தானாகவும் உப்பும், ஆனால் ரொம்ப அபூர்வம் என்கிறார் பெரிய டாக்டர். பதினாறாம் தேதி ஆபரேஷன். இருபத்தைந்தாம் தேதி மகள் அனிஷாவுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். தாய்மாமன் வராமல் என்னடா விசேஷம்?

என்றும் உன்
கஸ்பார்


முகத்துவாரக்குப்பம்
9-5-2025

கஸ்பாருக்கு,

தானாக உப்ப அது என்ன பூரியா? ஆபரேஷனுக்கு வருவேன், என் தங்கச்சிக்காக. டாக்டரை நானே கேட்டுக்கொள்கிறேன்.

அலெக்ஸாண்டர்


மரியே வாழ்க

முகத்துவாரக்குப்பம்
22-5-2025

அன்புள்ள மாப்பிள்ளை கஸ்பாருக்கு,

வெட்டி எடுத்த குழாயைச் சோதித்த ரிப்போர்ட் நேற்று வந்ததும் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். படம் போட்டு விளக்கினார். அடிபட்டிருந்தால் குழாயின் சுவர் கிழிந்து ரத்தம் கட்டியிருக்குமாம். இதில் கிழிசலே இல்லை, சுவரே மொத்தமாக உப்பியிருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவருக்கே கோபம் வந்துவிட்டது.

அங்கிருந்து துறைமுகத்துக்குப் போனேன். நீ இல்லை. கிரேன் ஆட்களைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஞானதுரை மட்டும், "அத்த அவன்கைல சொல்லு, எங்களாண்ட இன்னாத்துக்கு?" என்றான். நியாயம்தான்.

மாப்பிள்ளை, தப்பு செய்தவன் வெட்கப்பட வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என் தங்கச்சியை யாரும் அடிக்கவில்லை. வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கே வந்துவிடுவேன். அனிஷாவுக்கு வெள்ளை கவுன் எடுத்தாயிற்று. கோவில் வாசலில், ஊரே பார்க்க, என்னைத் திருப்பி ஒன்று விடு. எல்சியை மட்டும் முன்னாலேயே உள்ளே அனுப்பிவிடு. இன்னும் தையல் பிரிக்கவில்லை, சிரித்தால் அவளுக்கு வலிக்கும்.

உன் மச்சான்
அலெக்ஸாண்டர்