தகரத்துக்கு மேலே முப்பது அடி

ஜூன் 3
கொல்கத்தாவுக்கு வந்து எட்டு நாள். புயல் போய்விட்டது; கடலோரத் தீவுகளில் தண்ணீர் வடியவில்லை. ஹெலிகாப்டரில் காலையில் இரண்டு நடை, மதியம் இரண்டு நடை. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், குளோரின் மாத்திரை. நடை முடிந்து இறங்கினால் சீருடையைப் பிழிந்து காயப்போடலாம், அவ்வளவு வியர்வை.

என் துணை விமானி சாய் கிருஷ்ணா பிறந்து வளர்ந்தது இங்கே, ஜாதவ்பூரில். அவன் பேசும் தமிழில் பாதி வங்காளம். அவன் அம்மா ஒரு தூக்கு நிறையப் புளியோதரை அனுப்பியிருந்தார். மெஸ்ஸில் நாலு பேர் பாய்ந்து காலி செய்தோம். அவனுக்குக் கிடைத்தது ஒரு கரண்டி.

கோயம்புத்தூரிலிருந்து கோபு பேசினார். "எப்ப வர்றே? பாப்பா கேக்கறா." தண்ணீர் வடியட்டும் என்றேன். புருஷனிடமும் வானிலை அறிக்கைதான்.

ஜூன் 4
மழை. பறக்கவில்லை. எல்லோருக்கும் எரிச்சல், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

ஜூன் 5
நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கரையோரத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். இரண்டு முறை தாழப் போனோம். இரண்டு முறையும் ஜனங்கள் நேர் கீழே ஓடி வந்துவிட்டார்கள், மூட்டையைப் போட முடியவில்லை. மூன்றாவது முறை பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு இடைவெளி தெரிந்தது. அதன் தகரக் கூரைக்கு மேலே முப்பது அடியில் நிறுத்தினேன்.

சாய் சொன்னான்: "கோ அரவுண்ட், மேடம். லெஃப்ட்ல தகரம் லூஸா இருக்கு."

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஹெலிகாப்டரில் இருக்கும் யார் 'கோ அரவுண்ட்' என்று சொன்னாலும், ஓட்டுபவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் மேலே எழும்பிவிட வேண்டும். கேள்வியெல்லாம் அப்புறம். அவன் யூனிட்டுக்கு வந்த முதல் நாள் இதை அவனிடம் சொன்னதே நான்தான்.

இன்றைக்கு நான் சொன்னது: "இரு, பத்து செகண்ட்."

நாலாவது மூட்டை இறங்கும்போது விசிறிக் காற்றில் தகரம் கிளம்பிவிட்டது. ஒரு பெண்ணின் முழங்காலுக்குக் கீழே— மேட்டில் இறங்கி அவளை ஏற்றிக்கொண்டு நேரே இங்கே கொண்டுவந்தோம். பெயர் சாவித்ரி மண்டல். கால் தேறுமா என்று இன்னும் சொல்ல முடியாதாம்.

ஏன்டி மஹி, மேலே எழும்பலே? பசியோட நின்னாங்களே, அதுக்காகவா? இல்லை. மூன்றாவது தடவையும் வெறுமனே திரும்பிப் போக எனக்கு அவமானமாக இருந்தது. என்னால் முடியாத இடமா என்று ஒரு வீம்பு. வேறு யாரிடமும் இதைச் சொல்ல வாய் வராது.

ஜூன் 6
விசாரணை தொடங்கிவிட்டது. நான் எழுதித் தருவதற்கு முன்பே சாய் எழுதிக் கொடுத்துவிட்டான்: தகரத்தைத் தான் கவனிக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை என்று!

வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "என்னடா இது?"

"நீங்க கேப்டன், மேடம். உங்க ஃப்ளையிங்கையே நிறுத்திடுவாங்க. எனக்குன்னா ஒரு வார்னிங். நம்ம மெஷின்ல பேச்சு ரெக்கார்டும் ஆகாது. பின்னாடி மூட்டை தள்ளின சார்ஜென்ட்டும் வாயைத் திறக்கமாட்டார்."

திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. என் வாக்குமூலத்தை நாளைக்குத் தருவதாக அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 7
இன்றும் தரவில்லை. தலைவலி என்றேன். தலைவலியும் இருந்தது.

ஜூன் 8
கோபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பையனே சொல்லிட்டான்ல, நீ ஏன் போய் மாட்டிக்கறே? பதினாலு வருஷம், மஹி." அப்புறம், "சரி, மூணு நாளா தூங்கினியா?" என்றார்.

"இல்ல."

"அப்ப எழுதிக் குடுத்துடு."

பார்த்துச் சொன்னவனைப் பார்க்காதவன் என்று காகிதத்தில் ஏற்றிவிட்டால் அது அவன் கூடவே போகும். நாளைக்கு அவன் 'கோ அரவுண்ட்' சொன்னால் எந்தக் கேப்டன் மதிப்பான்? அதைவிட, அவனே சொல்லாமல் இருந்துவிட்டால்?

ஆறு வரிதான் வந்தது. அவன் சொன்னான், என் காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஜூன் 12
முடிவு வந்துவிட்டது. ஒரு வருடம் பறக்கக் கூடாது. அதன் பிறகும் மறுபடி தேர்வு, தேறினால்தான். பொய் எழுதிக் கொடுத்ததற்காகச் சாய்க்குச் சரியான டோஸ். அதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம்.

நாளை மறுநாள் மாலை ஊருக்கு ரயில்.

ஜூன் 14
கிளம்புவதற்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று சாயை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

சாவித்ரிக்குக் கால் தப்பிவிட்டது. நொண்டல் இருக்கும் என்கிறார்கள்.

"அன்னிக்கு ஓட்டினது நான். இவன் வேண்டாம்னு சொன்னான், நான் கேக்கலை. அப்படியே சொல்லு," என்றேன். அப்படியே சொன்னான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாயம்தானே. ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே நாலு வார்த்தை பேசினாள். சாய் தமிழில் சொன்னான்: "அடுத்த வாட்டி வர்றதுக்கு முன்னாடி ஆள் அனுப்பிச் சொல்லணுமாம். தகரத்தை அவங்களே எறக்கி வச்சிடுவாங்களாம். ரெண்டு பேர் போதுமாம்."

"அடுத்த வாட்டி நான் வரமாட்டேன், வேற ஒருத்தர் வருவாங்கன்னு சொல்லு."

சாய் என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம் ஏதோ சொன்னான். அவள் திரும்பி, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என்னடா சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான், மேடம்."

அவளிடம் அவன் சொன்னது என் காதில் விழுந்திருந்தது: "திதி ஆபார் ஆஷ்பேன்." 'ஆபார் ஆஷ்பேன்' — மறுபடி வாங்க என்று டீக்கடைக்காரர் தினமும் சொல்லி அனுப்புகிற வார்த்தை. பத்தொன்பது நாளில் அதுகூடவா எனக்குப் புரியாது? அக்கா மறுபடி வருவாங்க என்று சொல்லியிருக்கிறான்.

இந்தத் தடவை அவனை நான் திருத்தவில்லை.