கவிழ்ந்த குடத்தாள் வெளிப்பட்ட செய்தி

திரு வளர்க! கேணிதோறும் நீர் நிலைக்க!

செங்குன்றை நாட்டின் காவலரும், மலைவழிகள் அனைத்தின் உரிமையரும், பகைவரின் தாகத்தையும் தீர்த்தவர் என்று பாணர் வாழ்த்தும் கொடையாளருமாகிய பூதங்கண்ண மன்னர் திருமுன்னே, அவர்தம் தமக்கையாரும் காரைவள நாட்டின் பேரரசியுமாகிய காரிநங்கையாரின் ஆணைப்படி, அமைச்சன் மருதன் சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடிகள் நலமாகுக. தங்கள் நாட்டு அடுக்களைகளில் இன்றும் உலை கொதிப்பதாகுக.

தாங்கள் விடுத்த மகிழ்ச்சி ஓலையும், அதனுடன் செப்புக் கலயத்தில் வந்த தங்கள் கேணித் தீர்த்தமும் கிடைத்தன. தங்கள் அரண்மனைக் கேணியின் அடிச்சுவரில், வாழ்வோர் எவரும் கண்டிராத கேணியம்மையின் மகுடம் நீருக்கு மேல் தோன்றியதாகவும், அம்மையின் முழு உருவமும் வெளிப்படும்வரை எருதுகளைப் பூட்டி நீரை இறைக்கப் போவதாகவும், இந்நகரக் கேணியில் அம்மை வெளிப்பட்டபோது விழா எடுத்த முறையை அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது வாசிக்கப்படுகையில் அரசியார் இடைமறித்தார். எருதைப் பூட்ட வேண்டாமென்று தம்பிக்கு எழுதும்படி திரும்பத் திரும்பச் சொன்னார். மற்றதை எழுதும் பணியை அமைச்சனிடம் விட்டார். ஆதலால் நடந்ததை அமைச்சன் எழுதுகிறான்.

இங்கும் எல்லாம் மகிழ்ச்சியில்தான் தொடங்கிற்று. மழை பொய்த்த ஆண்டுகளிலும் அரண்மனைக் கரும்புத் தோட்டங்கள் வாடலாகாது என்று இரவு பகலாக எங்கள் அரண்மனைக் கேணியிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. ஒரு காலையில் மகுடம் தெரிந்தது, பின்னர் நெற்றி, பின்னர் மூடிய கண்களோடு கூடிய அழகிய முகம். முன்னோர் எவர்க்கும் வாய்க்காத காட்சி தமக்கு வாய்த்ததென்று அரசியார் கண்ணீர் விட்டார். நாள்தோறும் படியிறங்கிச் சென்று, அந்தக் கன்னத்தைத் தம் கையால் துடைத்து மஞ்சள் பூசினார். இறைத்த நீர் தெருவெல்லாம் ஓடிற்று. அம்மையின் அருளென்று சொல்லி ஊரே அதில் நனைந்து கூத்தாடிற்று.

அக்கூத்து அடங்குமுன் அயலூர்க் கேணிகள் சேறாயின. அரியாள் என்னும் நெசவுக்காரி அவைக்கு வந்து, அரசியாருக்கு முகம் காட்டியவள் தன் வீட்டுப் பானையைக் காயவைத்தது என்ன நியாயமென்று கேட்டாள். முகம் காட்டிய தாய் மக்களைக் கைவிடமாட்டாள் என்றும், பாதம் வெளிப்படும் நாளில் மழை தானே வரும் என்றும் அரசியார் விடை கூறி, கேணியை இன்னும் ஆழப்படுத்தவும் எருதுகளைக் கூட்டவும் ஆணையிட்டார். அவையோர் ஆமென்றனர். அரண்மனையில் தலையாட்டுவோர்க்கு என்றைக்குக் குறைவு வந்தது!

நீர் கழுத்துக்குக் கீழே இறங்கிய அன்று அரசியார் தனியே படியிறங்கினார். மேலே நின்றவர்கள் அவருடைய அலறலைக் கேட்டனர். அந்த அழகிய முகத்தின் கீழே எலும்பு துருத்திய தோள்களும், வற்றிய மார்பும், முதுகோடு ஒட்டிய வயிறும் இருந்தன. இரு கைகளும் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தன. அவள் நீரின் தாய் அல்லள், மன்னா, அவள் பஞ்சம். நம் முன்னோர் அவளை வணங்குவதற்காக அங்கே வைக்கவில்லை. நீரால் மூடி வைப்பதற்காக வைத்தனர். நாம் மேளம் கொட்டி அவளை வெளியே அழைத்தோம்.

பாதம் வெளிப்பட்டது, மழை வரவில்லை. கேணியின் அடியில் பாறைதான் இருந்தது. குடிகள் வண்டி கட்டினர். எவரும் ஏசவில்லை, அழவும் இல்லை. வீட்டுக்கொரு குடத்தை அரண்மனை வாயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயினர். முதற்குடம் அரியாளுடையது. அவற்றை அகற்ற அரசியார் இசையவில்லை. காற்றில் கேணியின் உருளை கிறீச்சிடும்போதெல்லாம், யாரோ நீரெடுக்க வந்துவிட்டதாக எண்ணி எழுந்து ஓடுகிறார். அந்தச் சிலை இப்போது கண் திறந்திருப்பதாகவும் சொல்கிறார். அமைச்சன் சென்று பார்த்தான். கற்கண்கள் மூடியே இருந்தன. ஆயினும் இன்னொரு முறை பார்க்க அவனுக்கு நெஞ்சுரம் இல்லை.

ஆகவே அரசியாரின் ஆணையாகவும் ஒரு தமக்கையின் வேண்டுதலாகவும் இதனைக் கொள்க. இன்றே எருதுகளை அவிழ்த்துவிடுக. கேணி நீர் குடிப்பதற்கன்றி வேறெதற்கும் ஆகாது. அதுவும் கையால் சேந்தும் அளவே எடுக்கப்படட்டும். கரும்பை அழித்து வரகு விதைக்கச் சொல்லுக. அரண்மனைத் தோட்டமே முதலில் அழியட்டும், அப்போதுதான் குடிகள் நம்புவர். தூர்ந்த ஏரிகளைத் தோண்டி, அடைபட்ட வரத்துக்கால்களைத் திறந்து, கூரையில் விழும் மழையையும் ஊருணிக்குத் திருப்புக. நின்ற நீரே மெல்லக் கீழிறங்கிக் கேணியில் ஊறும். நீர் வேண்டி எவரேனும் மேலும் ஆழம் தோண்டினால் மண்வெட்டியைப் பறித்துக்கொள்க. விழா எடுக்கத் தடையில்லை. அவள் மகுடம் மீண்டும் நீருக்குள் மறையும் நாளில் எடுங்கள்.

தங்கள் தூதன் நீர் கேட்டான். தாங்கள் அனுப்பிய தீர்த்தத்திலிருந்தே அவன் குடிக்கத் தந்தோம். எஞ்சியதில் இந்த முத்திரையின் களிமண்ணை அரசியார் தம் கையால் பிசைந்தார். கலயத்தைக் கவிழ்த்தாயிற்று. இந்நகரில் வேறு நீர் இல்லை.

இது காரிநங்கையாரின் முத்திரை. தங்கள் கேணி நீரால் ஆனது. உடைக்கும்போது அதை நினைவில் கொள்க.