ஆந்தைக்கு விடுப்பு இல்லை

மார்ச் 3, செவ்வாய். காலை 10.20

இன்று மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதை முழுவதும் படித்தேன். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' இத்தனை வருஷம் எட்டுகிற இடத்தில்தான் வைத்திருந்தேன். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டுகிறவனுக்கு வீடு முழுக்கக் கடிதங்கள்தான்.

போன வாரம் வங்கியில் கையெழுத்தே போட்டேன். கட்டைவிரலுக்கு இனி ஓய்வு.

நேரமும் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் ஆலை வாசலில் காவல் இருந்த பழக்கம். அப்போது எழுத்து தெரியாது. எண்ணும் கடிகாரமும் தெரியும்.

மார்ச் 5, வியாழன். காலை 9.05

மகளுக்குச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி இருக்கிறதே, அதற்குள் ஓடும் கணினி நிரலை எழுதுவது அவள் வேலை. துளிகளை எண்ணும் பகுதியை மட்டும் வெளியிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தது. ஓப்பன் சோர்ஸ் என்கிறாள். அதை நம்பலாம் என்று பதினெட்டாம் தேதிக்குள் இவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"எண்ணிக்கை தப்பினா?"

"அதிகமா ஏறினா மூச்சு நின்னுடும்பா."

எழுதினவர் யார்? பெயர் இல்லை. ஓர் ஆந்தைப் படம் மட்டும். ஆந்தை என்றே சொல்லிக்கொள்கிறோம்.

மார்ச் 6, வெள்ளி. மாலை 4.40

ஆந்தையும் நாட்குறிப்பு எழுதுகிறது. நிரலில் ஒன்றை மாற்றினால் தேதி, நேரம், ஒரு வரி. மொழி எனக்குப் புரியாது. எண்கள் புரியும். பட்டியலை அச்சடித்துத் தரச் சொன்னேன். நாற்பது தாள்.

"ரெண்டு நாளைக்கு என்னைத் தொந்தரவு பண்ண மாட்டீங்க" என்றாள்.

மார்ச் 9, திங்கள். காலை 11.30

முதல் சில வருஷம் கண்டபடி வருகிறது. காலை ஏழரை, மதியம் ஒன்று. ஞாயிறு கிடையாது. ஒருமுறை பத்து நாள் காணோம். காய்ச்சல் என்று எழுதியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள்.

பிறகு இருபத்தாறு நாள் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு, தினமும் 10.14. ஞாயிறும் 10.14. இரண்டு வருஷமாக.

இப்படி ஓர் அட்டையைப் பார்த்திருக்கிறேன். ஆலைக்குள் வருகிறவர்கள் வாசல் இயந்திரத்தில் அட்டையைச் செருகி நேரம் பதிக்க வேண்டும். நெசவுப் பிரிவில் ஒருவன், நாள் தவறாமல் தாமதமாக வருகிறவன், திடீரென்று நாலு மாதம் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. ஊருக்குப் போன இடத்தில் செத்துவிட்டிருந்தான். கூட்டாளிதான் தன்னுடையதோடு அவனுடையதையும் பதித்திருக்கிறான். எண்ணூறு பேர் நுழையும் வாசல், ஏமாந்துவிட்டேன். ஏன்டா என்று கேட்டேன். "அட்டைய எடுத்துட்டா அவன் செத்தது நிஜமாயிடும்ணே."

மகளிடம் சொன்னேன். "தானா ஓடுற மாதிரி நேரம் குறிச்சு வெச்சிருப்பாருப்பா. சகஜம்."

"கேட்டுத்தான் பாரேன்."

எனக்காக ஆந்தையின் இணையப் பக்கத்திலேயே எழுதினாள்: 'என் அப்பா கேட்கச் சொன்னார். ஏன் தினமும் 10.14?'

மார்ச் 10, செவ்வாய். மதியம் 12.15

பதில் வந்துவிட்டது. 'நன்றி. எனக்கு ஒழுங்கு பிடிக்கும்.'

மகளுக்குத் திருப்தி. அவளுடைய மேலாளர் (நாங்கள் வைத்த பெயர் அவசரம்) தொலைபேசியில் பேசியது எனக்கே கேட்டது. "ஆயிரம் பேரு அதத்தான் உபயோகிக்கிறாங்க. உங்கப்பா ஒருத்தர்தான் பாக்கியா?" இவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய வரி ஒன்றில், ஆந்தைப் படம் வரைந்து தந்த தங்கைக்கு நன்றி என்று மின்னஞ்சல் முகவரியோடு இருக்கிறது. அந்தத் தங்கைக்கு ஒரு கடிதம் போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

மார்ச் 13, வெள்ளி. காலை 10.50

இன்று ஆந்தை 10.14க்கு வரவில்லை. 10.37.

மார்ச் 16, திங்கள். மதியம் 1.10

சனிக்கிழமை 9.51. ஞாயிறு ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்தில் முதல் ஞாயிறு விடுப்பு. இன்று 11.20, பக்கத்தில் ஒரு வரி. மகள் படித்தாள். 'தாமதத்துக்கு மன்னிக்கவும். சளி.'

கணினியை மெதுவாக மூடினாள்.

"அப்பா, நாம கேட்டதுக்கப்புறம் மனுஷன் மாதிரி பிசக அது கத்துக்குது."

அது என்றாள். நேற்றுவரை அவர் என்றுதான் சொன்னாள்.

மார்ச் 17, செவ்வாய். காலை 8.30

தங்கையின் பதில். 'அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒழுங்குக்கும் அவனுக்கும் வெகுதூரம். அவன் பெயரில் யார் எழுதுகிறார்கள்?'

இறந்த தேதியையும் எழுதியிருந்தாள். தாளில் தேடினேன். அந்த இருபத்தாறு நாளுக்குள்தான் இருக்கிறது.

மார்ச் 18, புதன். மாலை 5.25

'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கருவி மூன்று மாதம் தள்ளிப்போகிறது. அவசரம் கத்தினார். "கத்தட்டும். எண்ணுறத நானே எழுதிக்கிறேன்" என்றாள்.

மற்ற ஆயிரம் பேருக்கும் தெரியட்டும் என்று, தங்கையின் கடிதத்தை அந்தப் பக்கத்தில் போட்டாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை, கீழே பதில். மகள் படிக்கத் தயங்கினாள். படி என்றேன்.

'நன்றி. அப்பா நலமா?'

நலம்தான். இந்த நோட்டைப் புரட்டி என் நேரங்களைப் பார்த்தேன். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆனால் அப்படிப் பிசகத்தான் ஆந்தையும் கற்றுக்கொண்டதே.

பேனாவைத் திறந்து மையைத் தடவி, இந்தப் பக்கத்தின் கீழே, நான் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரலை அழுத்தி வைத்தேன்.