ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம்

28 ஏப்ரல் 2025, திங்கள்

கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து சுரேகா என்ற பெண் வந்தா. முல்லைத்தீவுக் கடலின் அடியில் தாண்டு கிடக்கும் இரும்புக் கப்பலில் என்னென்ன மீன் வாழ்கிறது என்று எண்ணிப் பதிய வேண்டுமாம்.

"அந்த இடம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமெண்டு எல்லாரும் சொல்லினம். என்னோட இறங்குவீங்களோ, அஸ்வர் அண்ணா?"

தெரியும்தான். பன்னிரண்டு வருடம் சங்கும் கடலட்டையும் எடுத்த இடம். மூன்று வருடத்துக்கு முன் என் இரண்டு கால்களும் இயங்காமல் போனதும் அங்கேதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை?

29 ஏப்ரல்

மனைவி சபூறாவிடம் இன்னும் சொல்லவில்லை.

1 மே, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் நல்லது. துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அன்று நான் ஒரே நாளில் நாலாவது தரம் இறங்கியிருந்தேன். சிலிண்டரில் காற்று முடிகிறது என்று பயந்து, பதினாறு மீற்றரிலிருந்து ஒரே பாய்ச்சலாக மேலே வந்தேன். வள்ளத்தில் ஏறி இருந்தவன் பிறகு எழும்பவில்லை. வேகமாக வந்ததால் உடம்புக்குள் காற்றுக் குமிழ் கட்டிவிட்டதாம். இரண்டு மாதம் சபூறாதான் என்னைத் தூக்கி இருத்தினாள், படுத்தினாள்.

டொக்டரின் புதுக் கடிதத்தைக் கொடுத்தேன். பதினெட்டு மீற்றருக்குக் கீழே போகாமல், நாளுக்கு ஒரே தரம் இறங்கலாம். இரண்டு முறை வாசித்தாள்.

"இத எழுதின டொக்டரோ வந்து உங்களத் தூக்குவார்?"

குசினிக்குள் போய்விட்டாள். அரை மணித்தியாலம் கழித்து வந்து, "போறதெண்டால் போங்கோ. நான் கரையில வந்து நிப்பன்" என்றாள்.

4 மே

கால்விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆடுகிறது. இருந்தும் திரும்ப இறங்கப் போகிறேன். எனக்கு என்ன விசரா?

5 மே, திங்கள்

மறக்க முன் எழுதிவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்கு, முன்பு என்னைக் கடலுக்குக் கொண்டுபோகும் நிரஞ்சனின் வள்ளத்தில் போனோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்து நானும் சுரேகாவும் இறங்கினோம். தண்ணீர் கண்ணாடிபோல. முதலில் ஒரு கருநிழல், பிறகு கப்பல், பக்கவாட்டில் சரிந்து படுத்திருந்தது.

பன்னிரண்டு வருடம் இதைச் சுற்றி வந்தும் நான் இதைப் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் என் கண் மணலில்தான், எடுப்பதற்கு என்ன கிடைக்கும் என்று. இன்று கை சும்மா. இரும்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பவளம். மஞ்சள் கீளிமீன் கூட்டமொன்று எங்களுக்கு வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. குழாய் ஓட்டையிலிருந்து பாம்புபோல் நீண்ட அஞ்சாளை மீனொன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. என் நெஞ்சளவு களவாய் மீன் ஒன்று, ஓடவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சுரேகா பலகையில் எழுதிக்கொண்டே வந்தா.

கப்பலின் அறையொன்றுக்குள் அவ எட்டிப் பார்த்தா. உள்ளே படுத்திருந்த பெரிய ஆமை திடுக்கிட்டு வெளியே பாய்ந்தது. சேறு கிளம்பி எல்லாம் கலங்கிவிட்டது. ஆமை இடித்ததில் அவவின் வாயிலிருந்த காற்றுக்குழாய் கழன்றது. தேடிப் பிடித்துத் திரும்பக் கடித்தா. ஆனால் கண்ணைப் பார்த்தேன் — அது மேலே போகிற கண். எனக்குத் தெரியும். உதைத்துக் கிளம்பினா.

ஐயோ விடக்கூடாது, விட்டால் இந்தப் பிள்ளையும் —

அவவின் உடுப்பின் பட்டியை எட்டிப் பிடித்தேன். வயிற்றில் இரண்டு உதை. விடவில்லை. முகத்துக்கு முன் என் முகத்தைக் கொண்டுபோய், உள்ளங்கையை மெல்ல ஏற்றி இறக்கிக் காட்டினேன்: மூச்சு விடு. இன்னொருக்கா. எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் என் கையைப் பிடித்தா.

கயிறு வழியே மெதுவாக ஏறி, மேலிருந்து ஐந்து மீற்றரில் நின்றோம். உடம்பில் குமிழ் கட்டாமலிருக்க அங்கே மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அப்போதுதான் சீலா மீன்கள் வந்தன. நூறு இருக்கும், கூடவும் இருக்கலாம். வெள்ளிச் சுவர்போல எங்களைச் சுற்றி வந்தன. சுரேகாவின் விரல் இறுக்கம் தளர்ந்தது. சுற்றி முடிக்கட்டும் என்று மூன்று நிமிடத்துக்கு மேலும் நின்றோம்.

வள்ளத்தில் ஏறி இருந்தேன். பிறகு எழும்பினேன். எழும்பி நின்றேன்!

"என்ன அண்ணை, அழுறியளோ?" என்றான் நிரஞ்சன். உப்புத் தண்ணீர் என்றேன்.

கரையில் சபூறா என் முகத்தைப் பார்க்கவில்லை. வள்ளத்திலிருந்து இறங்கி நடந்துவரும் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

6 மே

எழும்பினேன். நடந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

9 மே, வெள்ளி

சுரேகா வீட்டுக்கு வந்தா. நடந்ததைச் சபூறாவுக்குச் சொன்னது அவதான். நான் பாதியை மறைத்திருந்தேன். "அண்ணா பிடிக்காட்டி நான் அப்பிடியே மேல பாஞ்சிருப்பன், அக்கா."

சபூறா சோற்றுப் பானையை எடுத்து வந்தாள். அவவுக்கு இரண்டாந்தரமும் சோறு போட்டாள்.

24 மே, சனி

மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். என் தொலைபேசி சபூறாவின் காதில் இருந்தது.

"ஓம் சுரேகா தங்கச்சி. புதன்கிழமை காலமை கடலுக்கோ? வருவார், வருவார். கடைய நான் பாக்கிறன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.