ஒன்பதாம் நம்பர் காட்டிய பூஜ்யம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை.

குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று போனில் கேட்டாய், ஜலதோஷம் என்றேன். பொய். உன் சித்தப்பா போன இந்த இரண்டு மாதமாகச் சித்தி பாதி நாள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். மேல மழைன்னு ஊரே சொல்லுச்சு, ஆத்துல வெச்ச தண்ணி மோட்டார் போனாப் போகுதுன்னு விட்டாரா, யார் பேச்சைக் கேட்டிருக்கார் அந்த மனுஷன், வெள்ளத்தையே ஹாரன் அடிச்சு விலகச் சொல்லியிருப்பார் என்று திட்டுவாள், திட்டிக்கொண்டே அழுவாள். நான் வெங்காயம் நறுக்கியபடி குனிந்திருப்பேன்.

அவர் கேட்டார் கண்ணம்மா. என்னைத்தான் கேட்டார். ஆற்றில் பன்னிரண்டு இடத்தில் வைத்த சென்சார்கள் கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அனுப்பும், ஆபீஸில் திரையைப் பார்த்துப் பதிவது என் வேலை. அன்று மத்தியானம் காய்ந்த ஆற்றுக்குள் நின்று போன் செய்தார். அண்ணி, மேல தண்ணி ஏறுதா, மோட்டாரைக் கழட்ட அரை மணி வேணும் என்றார். அவர் நின்ற இடத்துக்கு மேலே இருப்பது ஒன்பதாம் நம்பர் சென்சார். பார்த்தேன், பூஜ்யம். ஒண்ணுமில்லை, நிதானமாக் கழட்டுங்க என்றேன். இருபது நிமிஷத்தில் வெள்ளம் வந்துவிட்டது.

மறுநாள் பொறியாளர் அந்த ஒன்பதாம் நம்பர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. தண்ணி இல்லேன்னாலும் பூஜ்யம், கம்பி போனாலும் பூஜ்யம்தாங்க என்றார், ஏதோ விலைவாசி சொல்வதுபோல. பெட்டியின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. வெறும் ஆற்றிலும் மற்ற சென்சார்கள் ஒன்று, இரண்டு என்று ஆடும், இது பதினோரு நாள் அசையவே இல்லை. கவனித்தேன், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். இப்போது கம்பி மாற்றிவிட்டார்கள், ஆறு மறுபடி காய்ந்துவிட்டது, ஒன்று, இரண்டு என்று ஆடினாலும் பெரும்பாலும் அதே பூஜ்யம்தான் வருகிறது. வரும்போதெல்லாம் அண்ணி என்று காதருகே கேட்கிறது, திரும்பிப் பார்க்கிறேன். யாருங்க கூப்பிட்டது, எமனா என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்கிறார். நீயும் அங்கே இப்படிப்பட்ட பெட்டிகளுக்குத்தானே நிரல் எழுதுகிறாய். தெரியாது என்றால் தெரியாது என்றே அவற்றைச் சொல்ல வை, கண்ணம்மா.

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தன் தம்பி ஆயிற்றே, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், இன்னும் வரவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போகிறேன். அவள் கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன், செத்த மனுஷன் இனியும் என் தப்புக்குத் திட்டு வாங்கக் கூடாது.

நீ குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சித்தி என்னை என்ன பேசினாள் என்பது உன் காதுக்கு வரும், எனக்காகப் பரிந்துகொண்டு போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், முதலில் அவளுக்கு. பிறகு மனம் இருந்தால் எனக்கு.

உன் அம்மா