ட்ரம்பெட் நின்ற இடத்தில் குரல்

இசைத்தட்டின் அட்டையில் உங்கள் கட்டைவிரல் தடம் இன்னும் இருக்கிறது. பித்தளை பாலிஷின் கருப்பு. மூக்கருகே கொண்டுபோனால் அந்தக் காரமான வாடையும் லேசாக வருகிறது. கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பேன். "சரிங்க மதர்" என்று, கான்வென்ட் தலைமைச் சகோதரியிடம் பேசுவதுபோல் தலையைக் குனிவீர்கள், கழுவ மாட்டீர்கள். மடியில் ட்ரம்பெட், ஒரு கையில் துணி, மறு கையால் ஊசியைத் தூக்கி அதே பாட்டின் தொடக்கத்தில் மறுபடி வைப்பீர்கள்.

இன்று காலை உங்கள் ஓராண்டு நினைவுத் திருப்பலி. முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் இதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ட்ரம்பெட் வால்வுக்கு எண்ணெய் வாங்கப் பெங்களூருக்குப் போனவர் இந்த ஜாஸ் தட்டோடு வந்தீர்கள். ஊதுகிறவனே பாடவும் செய்கிறான் என்று பழைய ரெக்கார்டுக் கடைக்காரர் சொன்னாராம், அதற்காகவே வாங்கினீர்கள். ஜாஸ் என்றால் இரைச்சல் என்று நினைத்திருந்தேன். இது அப்படியில்லை. மார்கழி மாதத்து ஓசூர் விடியல்போல் சில்லென்று, எந்த வாத்தியத்துக்கும் அவசரமில்லாமல் இருந்தது.

ட்ரம்பெட்டை நான் குறை சொல்லவில்லை. பாடியதைத்தான் சொன்னேன். அந்தக் குரலில் ஏற்றமில்லை, நடுக்கமில்லை, அழுத்தமில்லை. கடைசி பெஞ்சுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்று பாடக் கற்றவள் நான். கோவில் பாடகர் குழுவையும் அப்படித்தான் நடத்தினேன். காதலி போய்விட்டதை இவன் பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்கிறானே என்றேன். உங்களுக்கு ஆங்கிலம் பிடிபடாது. வரிக்கு வரி அர்த்தம் கேட்டீர்கள். அவள் போய்விட்டாள், இவன் தனியாக இருக்கிறான், வேறொன்றுமில்லை என்றேன். அர்த்தம் தெரியாதபோது இன்னும் நன்றாக இருந்தது என்றீர்கள்.

ஆனால் ஓரிடத்தை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ட்ரம்பெட் ஒரு சுரத்தில் வந்து நிற்கும். அதே சுரத்தில் குரல் தொடங்கும். அந்த இடம் வரும்போது விரலை உயர்த்துவீர்கள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு அந்த விரலைப் பார்க்க வேண்டும்.

"அவன் பாடல. ஊதறான். வாயில ட்ரம்பெட் இல்ல, அவ்ளோதான்."

எனக்கு அது ஏறவில்லை. பாட்டென்றால் பாட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிடுவேன்.

உங்கள் அம்மா இறந்த அன்று நீங்கள் ஊதும் பேண்டு செட்டில் ஆள் குறைவு. இன்னொரு ட்ரம்பெட்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட், விடுப்பு கிடைக்கவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால், கல்லறைத் தோட்டம் வரை நீங்களே ஊதிக்கொண்டு நடந்தீர்கள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெற்றவளுக்கே அழாத பிள்ளை என்று உறவினர்கள் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும், அழாமல் ஊத உங்களால் எப்படி முடிந்தது என்று கேட்டேன். வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "அழுதா உதடு நடுங்கும். உதடு நடுங்குனா சுரம் உடைஞ்சிடும். யாராவது ஒருத்தர் அழாம நிக்கணும்ல."

நேற்று உங்கள் தங்கை கிருஷ்ணகிரியிலிருந்து கூடை நிறைய மாம்பழத்தோடு வந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணி, நாளைக்குப் பூசையில பைபிள் வாசகம் எம் மக படிக்கட்டும். நீங்க படிச்சா பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றாப்பல இருக்கும். அண்ணன் அடக்கத்தன்னைக்கே ஒரு பொட்டு கண்ணீர் விடல நீங்க. ஜனங்க பேசறது எங்க காதுலதான் விழுது."

நான் அந்தப் பாடகனுக்குச் சொன்ன அதே குறை, ஊரெல்லாம் சுற்றி என் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது.

அவள் சொன்னது பொய்யில்லை. ஓராண்டாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. காப்பி சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்பது குடித்து முடித்தபின்னும் தெரிவதில்லை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, அடிக்கிறது, அவ்வளவுதான். வராத அழுகையை வரவழைத்துக் காட்டும் பழக்கமும் எனக்கில்லை. ஆனால் உங்களுக்கான வாசகத்தை இன்னொருத்தி படிக்க விட்டால், உங்களுக்காக எனக்குள் ஒன்றுமே இல்லை என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான்தான் படிப்பேன் என்றேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் நினைவாக, வாசகத்துக்கு முன் ட்ரம்பெட்டில் ஒரு பாடல் ஊதப் பங்குத் தந்தை அனுமதித்திருந்தார். உங்கள் இடத்தில் இப்போது ஊதுகிறவர் ஊதினார். கடைசி சுரம் கூரைக்குள் அடங்கும் முன்பே நான் வாயைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, அதே சுரத்தில் தொடங்கியிருக்கிறேன். ஏற்றமில்லை, நடுக்கமில்லை. கடைசி பெஞ்சை நான் நினைக்கவேயில்லை. இறுதிச் சொல் வரை அந்த ஒரே மட்டத்தில் போய் நிறுத்தினேன். இறங்கி வந்து உட்கார்ந்தபோது உங்கள் தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே உங்களோடு டிரம் அடித்த சின்னப்பா நின்றிருந்தார். கன்னடச் சாயல் போகாத தமிழில், "எங்கயும் உடையலம்மா" என்றார். டிரம் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இப்போது தட்டு சுற்றுகிறது. அந்த இடம் வந்தது. விரலை நான்தான் உயர்த்த வேண்டியிருந்தது. ட்ரம்பெட் நின்றது, குரல் தொடங்கியது. நடுவில் ஒரு மூச்சு எடுக்கும் ஓசை மட்டும். நீங்கள் சொன்னது சரி, அவன் பாடவில்லை. அவனுக்கும் உதடு நடுங்கக் கூடாதிருந்ததோ என்னவோ.

தட்டைத் துடைத்து உறையில் போட்டேன். அட்டையைத் துடைக்கவில்லை.

அழுகை இன்றும் வரவில்லை. யாராவது ஒருத்தர் நிற்க வேண்டும் என்றீர்களே. நான் நிற்கிறேன்.