பை காயவைக்கும் மிஷின் பற்றிச் சோலைமுத்துவுக்கு

திண்டுக்கல்,
8-12-1966

சிரஞ்சீவி சோலைமுத்துவுக்கு உன் அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. பம்பாயில் நீயும் சொர்ணலட்சுமியும் குழந்தையும் சுகம் என்று படித்தால்தான் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்கும், அதனால் தாமதிக்காமல் பதில் போடு. இங்கே நீ ஆரம்பித்த பை அச்சடிக்கும் பட்டறைக்கு எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கீழ்க்கண்ட வரிசையில் எழுதுகிறேன்.

1. மிஷின் வைக்க இடம்.
2. கரண்டு.
3. சாயம் நிற்குமா என்று நான் செய்த சோதனை.
4. உன் மாமனார். (இதை எழுதலாமா என்று இன்னும் தெரியவில்லை.)

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசை தவறக்கூடாது. தைப்பூசத்துக்குள் பழனி பஞ்சாமிர்தக் கடைக்காரருக்கு மஞ்சள் பை பன்னிரண்டாயிரம், சிவப்பு வேல் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். மழையோ விட்டபாடில்லை. தங்கமுத்து அச்சடிக்கிற பைகளை மாடிக் கொடியில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றாக இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால்தான் சாயம் பிடிக்கிறது, நாளைக்கு நூற்றைம்பது தேறினால் அதிகம். ஓடும் பெல்ட்டில் இந்தப் பக்கம் பையைப் போட்டால் அந்தப் பக்கம் காய்ந்து வந்து விழுகிற மிஷின் வராவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும், பட்டறை ஆரம்பித்த முதல் வருஷமே உன் பெயர் கெடும். பதினைந்தாம் தேதிக்குள் மெட்ராஸ் கம்பெனிக்கோ கோயம்புத்தூர் ஒர்க்ஷாப்புக்கோ தந்தி கொடுத்தாக வேண்டும், அப்பா எதைச் சொல்கிறாரோ அதற்குத்தான் கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன்.

முதலாவது, இடம். பட்டறை நீளம் பதினெட்டு அடி, நானே இரண்டு தடவை டேப் பிடித்தேன், சந்தேகத்துக்கு மூன்றாம் தடவை தங்கமுத்துவைப் பிடிக்கச் சொன்னேன். மெட்ராஸ் மிஷின் பதினாலு அடி. பை போடுகிறவனுக்கும் எடுக்கிறவனுக்கும் இரண்டு முனையிலும் மும்மூன்று அடி வேண்டும், ஆக பின்சுவரை இடிக்க வேண்டும். கோயம்புத்தூர் மிஷின் ஒன்பது அடிதான். இரண்டாவது, கரண்டு. சாயங்காலமானால் நம் தெருவில் பல்பு சிவந்துபோகிறது, சில நாள் கரண்டே நின்றுவிடுகிறது. நின்றால் பெல்ட்டும் நின்று, சூட்டுக்குள் கிடக்கிற பை கருகிப்போகும். இதற்கு என்ன வழி என்று மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், கரண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. கோயம்புத்தூர் மிஷினில் பெல்ட்டைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அது உன் மாமனார் யோசனையாம், அவரே சொன்னார், மூன்று தடவை சொன்னார்.

இதுவரை படித்தால் கோயம்புத்தூர்தான் என்று உனக்குத் தோன்றும், மூன்றாவதையும் படி. நாம் அச்சடித்த பத்துப் பையை உன் மாமனார் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் அந்த மிஷினில் ஓட்டி, போன வெள்ளிக்கிழமை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார். மெட்ராஸ் கம்பெனி அவர்கள் மிஷினில் ஓட்டிய ஒரு துண்டுத் துணியைத் தபாலில் அனுப்பியிருந்தது. ஒரு பையையும் அந்தத் துணியையும் தனித்தனி வாளியில் போட்டேன், ஒரே சவுக்காரம், ஒரே அளவு வெந்நீர், கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம். மெட்ராஸ் வாளியில் தண்ணீர் நிறம் மாறவில்லை. கோயம்புத்தூர் வாளியில் தண்ணீர் சிவந்துவிட்டது. அந்த மிஷினின் சூடு போதாமல் வேலின் சிவப்பு கரைகிறது என்று அர்த்தம். ஆகவே மெட்ராஸுக்கே தந்தி கொடு, சுவரை இடிக்க நான் கொத்தனாரிடம் சொல்கிறேன்.

நாலாவதையும் எழுதிவிடுகிறேன். உன் மாமனார் உடையப்பன்மேல் எனக்குப் பொறாமை என்று உன் அம்மா சொல்கிறாள், நான் வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சின்னாளபட்டியில் சாயப்பட்டறை வைத்திருப்பவர், சாயம் தெரிந்தவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அவருக்கு நாலு பக்கம் எழுதி, மிஷினைப் படமும் போட்டு அனுப்பியிருக்கிறாய், எனக்கு ஒரு கார்டு. குழந்தைக்குப் பல் முளைத்ததே அவர் போட்டோவைக் கொண்டுவந்து காட்டித்தான் எனக்குத் தெரியும். அவர் பட்டறைக்குள் வந்தால் தங்கமுத்து தோள் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், நான் போனால் வாங்கய்யா, அந்த ஜன்னலைச் செத்த சாத்துங்க, சாரல் அடிக்குது என்கிறான். இஸ்திரி போட்ட பையின்மேல் தெர்மாமீட்டரை வைத்து நான் சூடு பார்த்துக்கொண்டிருந்தபோது, என்ன சம்பந்தி, பைக்குக் காய்ச்சலா என்று கேட்டார். தங்கமுத்து சிரித்தான், அதைப் பொறுத்துக்கொள்வேன், உன் அம்மாவும் சிரித்தாள். இம்புட்டுப் படிச்ச வாத்தியாரு ஒரு எட்டு கோயம்புத்தூர் வந்து பார்த்திருக்கலாம்ல என்றார். முழங்கால் வலி என்றேன். வலி உண்மைதான், ஆனால் அவர் கூட்டிப்போய்க் காட்டி நான் பார்ப்பதா என்றுதான் போகவில்லை. சாயம் கரைந்ததை அவரிடம் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. பை நன்றாக இருக்கிறது சம்பந்தி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உனக்கு இப்படி எழுதுகிறேன். வாளியில் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை.

பனிக்காலம், வெளியே போனால் குழந்தையின் காதுக்குத் துணி கட்டுங்கள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பதினைந்தாம் தேதியை மறக்காதே. முருகன் உங்கள் மூவருக்கும் நோயில்லாத உடம்பும் குறையாத வேலையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
பெ. முத்துச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உன் அம்மாவுக்கு மூன்றாவதை மட்டும் படித்துக் காட்டினேன். ஏங்க, பையில மஞ்சள் வச்சிருந்தேனே, அதோடயா சவுக்காரத்துல போட்டீங்க என்று கேட்டாள். சம்பந்தி கையால் வீட்டுக்குள் வந்த புதுத் துணி ஆயிற்றே என்று பத்துப் பைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறாள். மஞ்சள் பையில் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. மெட்ராஸ் துணிக்கு ஏன் வைக்கவில்லை என்றேன், தபால்ல வந்த கந்தலுக்கு யாராச்சும் மஞ்சள் வைப்பாகளா என்றாள். சவுக்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று முப்பத்திரண்டு வருஷம் எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டியவன் நான். இன்னொரு பையின் நாலு மூலையையும் கத்தரித்துவிட்டு, அதே சவுக்காரத்தில் அதே பத்து நிமிஷம் போட்டேன், தண்ணீர் நிறம் மாறவில்லை. பிறகு கொடியில் கிடந்த முதல் பையை எடுத்துப் பார்த்தேன், வேல் கொஞ்சமும் மங்கவில்லை. அன்றைக்கு நான் தண்ணீரைத்தான் பார்த்தேன், பையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், நீ படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோயம்புத்தூருக்கே தந்தி கொடு. நாளைக்குச் சின்னாளபட்டி போய் அவரிடமும் சொல்லிவிட்டு வருகிறேன். மூன்றாவது தவறு.